பிடித்த நாவலிலிருந்து அடுத்த நாவலுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாவலை முடித்த சூட்டோடு "இதே மாதிரி இன்னொன்று சொல்லுங்களேன்" என்று கேட்பவர்களுக்காக இது. உதாரணங்களுக்குப் பெரும்பாலும் பலர் படித்திருக்கக்கூடிய தமிழ் நாவல்களையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் கதையின் முடிவையும் சொல்லிவிடவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

ஒரு நாவல் ரொம்பப் பிடித்துவிட்டது. அதே மாதிரி இன்னொன்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்த விதத்தில் அதே மாதிரி? முதலில் இதற்குப் பதில் தெரிய வேண்டும். பெரும்பாலானோர் கதைப்பொருளைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ராஜா கதை பிடித்தால் இன்னொரு ராஜா கதை, துப்பறியும் கதை பிடித்தால் இன்னொரு துப்பறியும் கதை. அலமாரிகளும் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன, அதனால் நமக்கும் அதுவே பழகிவிட்டது. ஆனால் ஒரு நாவலில் நம்மைக் கட்டிப்போட்டது அதன் கதைப்பொருளாக இருப்பது குறைவு. ஒரு ஆளாக இருக்கலாம், ஓர் ஊராக இருக்கலாம், கதை போகும் வேகமாக இருக்கலாம், சொல்கிறவரின் குரலாகவும் இருக்கலாம்.

சியாட்டில் நகரத்தில் நூலகராக இருந்த நான்சி பெர்ல் இதற்கு ஒரு நல்ல வழி சொன்னார். எந்தப் புத்தகத்துக்குள்ளும் நுழைய நான்கு வாசல்கள் உண்டு: கதை, பாத்திரங்கள், களம், மொழி. எல்லாப் புத்தகத்திலும் நான்கும் இருக்கும், ஆனால் ஒரே அளவில் இருக்காது. ஒன்றில் கதை வாசல் அகலம், இன்னொன்றில் மொழி வாசல் அகலம். நீங்கள் எந்த வாசல் வழியாக உள்ளே போனீர்களோ, அது அகலமாக இருக்கும் அடுத்த நாவலைத் தேடினால் ஏமாற்றம் குறையும். கதைப்பொருள் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

பொன்னியின் செல்வன் முடித்துவிட்டேன். அடுத்து என்ன?

தமிழில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். வழக்கமான பதில் உங்களுக்கே தெரியும்: கல்கியின் மற்ற இரண்டு சரித்திர நாவல்கள், அப்புறம் சாண்டில்யன். தப்பில்லை. ஆனால் இந்தப் பாதையில் போன பலர் மூன்றாவது புத்தகத்தில் அலுத்துப்போய் நாவல் படிப்பதையே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தது சோழ நாடு அல்ல என்பதுதான் காரணம்.

அந்த நாவலின் ஆரம்பத்தை நினைத்துப் பாருங்கள். ஆடிப் பெருக்கு நாள். ஏரிக்கரையில் ஒரு இளைஞன் குதிரையில் வருகிறான். கையில் கொடுக்க வேண்டிய ஓலை. போகிற இடமெல்லாம் வம்பு, வாய்த்துடுக்கு. முதல் நாள் இரவே கடம்பூர் மாளிகையில் கேட்கக் கூடாத பேச்சைக் கேட்டுவிடுகிறான். உங்களை இழுத்தது இந்த வந்தியத்தேவன் என்றால், நீங்கள் தேடுவது ஊர் சுற்றுகிற, சிக்கலில் மாட்டிக்கொள்கிற, வாயால் தப்பிக்கிற ஒருவனை. அதற்கு இரண்டு திசைகள் இருக்கின்றன. ஒன்று, அலெக்சாந்தர் தூமாவின் 'மூன்று துப்பாக்கி வீரர்கள்'. அங்கேயும் ஒரு இளைஞன் கையில் கடிதத்தோடு குதிரையேறித் தலைநகருக்குப் போகிறான், வந்த வேகத்தில் மூன்று பேரோடு சண்டைக்கு நேரம் குறித்துக்கொள்கிறான். 1844இல் பிரெஞ்சுப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. பொன்னியின் செல்வனும் 1950 முதல் 1954 வரை வாரத்தொடராக வந்ததுதான், அதனால் அத்தியாயத்தை எந்த இடத்தில் நிறுத்தினால் வாசகர் தவிப்பார் என்பது இரண்டு பேருக்குமே அத்துப்படி. இன்னொரு திசை ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர்க்கால மெடானிலும் பினாங்கிலும் திரியும் பாண்டியனுக்கு வந்தியத்தேவனின் சாகசம் உண்டு, அந்தக் குதூகலம் கிடையாது. வளர்ந்தவர்களுக்கான சாகசக் கதை என்று சொல்வேன்.

சரி, உங்களைப் பிடித்தது வந்தியத்தேவன் அல்ல, அரண்மனைக்குள் நடக்கும் காய்நகர்த்தல் என்று வைத்துக்கொள்வோம். யார் யாரோடு சேருகிறார்கள், யாரிடம் என்ன ரகசியம் இருக்கிறது என்பது. அப்படியானால் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி, பிரெஞ்சுக்காரர்கள், வணிகர்கள், நவாபுகள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாக வைத்து எழுதப்பட்டது. அரசியல் பேரம் எப்படி நடக்கும் என்பதை இதைவிட நெருக்கத்தில் காட்டிய தமிழ்ச் சரித்திர நாவல் குறைவு. அதன் தொடர்ச்சி 'வானம் வசப்படும்'.

உங்களை இழுத்தது அந்தக் காலமே என்றால், அதாவது கோயில், கல்வெட்டு, நிர்வாகம், மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதெல்லாம் என்றால், பாலகுமாரனின் 'உடையார்' உண்டு. ராஜராஜனின் பெரிய கோயில் எழும்பும் கதை, ஆறு பாகம். ஆனால் இந்த வகை வாசகருக்கு என் முதல் சிபாரிசு நாவலே அல்ல. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்', தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' இரண்டில் ஒன்றை எடுங்கள். சரித்திர நாவலில் சரித்திரம்தான் பிடித்தது என்று தெரிந்துவிட்டால், அதை நேராகவே போய்ப் படிக்கலாமே.

ஒரே நாவலைப் படித்த மூன்று பேர், மூன்று வெவ்வேறு திசைகள். அவர்களில் யாருக்கும் இன்னொரு ராஜா கதை கட்டாயமில்லை.

எனக்கு எது பிடித்தது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லையே?

ஒரு நாவலை வைத்துக்கொண்டு யோசித்தால் தெரியாது. மூன்று நான்கு வேண்டும். பிடித்த நாவல்களை ஒரு காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இப்போதும் கண்முன் வருகிற ஒரே ஒரு இடத்தை மட்டும் குறியுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம். புத்தகத்தைத் திறந்து பார்க்கவும் வேண்டாம், மறந்துபோனவை மறந்துபோனவையாகவே இருக்கட்டும்.

ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள். பூமணியின் 'வெக்கை': அப்பாவும் மகனும் காட்டில் ஒளிந்தபடி சமைத்துச் சாப்பிடுவது. அசோகமித்திரனின் 'தண்ணீர்': குடத்தோடு தெருத்தெருவாக அலைவது. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்': உப்பளத்து வேலை. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்று கொலைக்குப் பிறகு தப்பி ஓடும் சிறுவன் கதை, ஒன்று நகரத்துப் பெண்ணின் கதை, ஒன்று தொழிலாளர் போராட்டம். எந்த வகைப்பாட்டிலும் ஒன்றாக வராது. ஆனால் குறித்திருக்கும் இடங்களைப் பாருங்கள்: மூன்றிலும் உடம்பால் செய்கிற வேலை, பிழைப்பதற்கான அன்றாடப் பாடு. இந்த வாசகருக்கு மனிதர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்கப் பிடிக்கும். இவருக்கு ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' பிடிக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. கடலோடிகளின் தொழிலும் பேச்சும் அப்படியே இருக்கும். மலையாள எழுத்தாளர் தகழியின் 'தோட்டியின் மகன்' இன்னொன்று.

பிடிக்காதவற்றையும் எழுதுங்கள், குறிப்பாகப் பாதியில் வைத்தவற்றை. பிடித்ததைப் பற்றி நாம் கொஞ்சம் பந்தாவாகத்தான் பேசுவோம். பிடிக்காததைப் பற்றிப் பேசும்போது உண்மை வந்துவிடும்.

அதே எழுத்தாளரின் மற்ற நாவல்களைப் படிப்பதுதானே எளிது?

மொழி வாசல் வழியாகப் போனவர்களுக்கு எளிது, சரியும்கூட. தி. ஜானகிராமனின் உரையாடலுக்காக 'மோகமுள்' படித்தவர் 'அம்மா வந்தாள்', 'செம்பருத்தி' என்று கண்ணை மூடிக்கொண்டு போகலாம், அந்தக் குரல் எல்லாவற்றிலும் இருக்கிறது.

மற்றவர்கள் கொஞ்சம் விசாரித்துவிட்டுப் போவது நல்லது. சில எழுத்தாளர்கள் ஒவ்வொரு நாவலுக்கும் ஆளே மாறிவிடுவார்கள். 'ஒரு புளியமரத்தின் கதை'யின் ஊர்ப்பேச்சும் நையாண்டியும் பிடித்துப்போய் அதே சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலை எடுத்தால், கற்பனையான ஒரு மலையாள எழுத்தாளரைப் பற்றிய குறிப்புகளும் சிந்தனைகளும் காத்திருக்கும். இரண்டும் முக்கியமான நாவல்கள். ஆனால் ஒன்றின் வாசகர் இன்னொன்றின் வாசகராகவும் இருப்பார் என்று உத்தரவாதம் இல்லை.

ஒரே மூச்சில் ஐந்து புத்தகம் வேண்டாம். மூன்றாவதிலேயே அவருடைய உத்திகள் தெரிய ஆரம்பித்துவிடும், பாவம் அவர் என்ன செய்வார்.

விருது பெற்ற நாவல்களின் பட்டியலை வைத்துத் தேர்ந்தெடுக்கலாமா?

பெயர்கள் தெரிந்துகொள்ள நல்ல இடம். வரிசையாகப் படிக்க நல்ல இடம் இல்லை. விருது பல சமயம் எழுத்தாளரின் மொத்தப் பங்களிப்புக்காகக் கொடுக்கப்படுவது போலத் தோன்றும், ஆனால் ஏதாவது ஒரு புத்தகத்தின் பேரில்தானே கொடுத்தாக வேண்டும். இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. கி. ராஜநாராயணனுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிக்கொடுத்தது 'கோபல்லபுரத்து மக்கள்'. அது 1976இல் வந்த 'கோபல்ல கிராம'த்தின் தொடர்ச்சி. பட்டியலைப் பார்த்து வாங்குகிறவர் இரண்டாவதிலிருந்து ஆரம்பிப்பார். மேலே சொன்ன 'வானம் வசப்படும்' கதையும் இதேதான், 1995இல் விருது பெற்றது தொடர்ச்சிதான். ஆகவே விருதுப் பட்டியலில் எழுத்தாளரின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள், எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்பதைத் தனியாக விசாரியுங்கள்.

வாசிப்புச் செயலிகளின் பரிந்துரைகளை நம்பலாமா?

அவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டு நம்பலாம். செயலி புத்தகத்தைப் படிப்பதில்லை. உங்களைப் போலவே மதிப்பெண் போட்ட மற்றவர்கள் வேறு எவற்றுக்கு அதிகம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அவற்றில் நீங்கள் படிக்காததை நீட்டுகிறது. அடிப்படை இதுதான். லட்சக்கணக்கானவர்கள் மதிப்பெண் போட்ட ஆங்கில நாவல்களில் இது ஓரளவு பலிக்கும். தமிழ் நாவல்களுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் குறைவு. போதாக்குறைக்கு ஒரே நாவல் தமிழ் எழுத்தில் ஒரு பதிவாகவும் ஆங்கில எழுத்தில் விதவிதமான எழுத்துக்கூட்டலோடு வேறு பதிவுகளாகவும் கிடக்கும், இருக்கிற கொஞ்ச மதிப்பெண்களும் சிதறிவிடும். அப்புறம், எல்லாரும் படித்த புத்தகம் எல்லாவற்றோடும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் நீங்கள் எதைப் படித்தாலும் கடைசியில் அது பொன்னியின் செல்வனையே காட்டும்.

நட்சத்திரச் சராசரியைக் கண்டுகொள்ளாதீர்கள். குட்ரீட்ஸ் மாதிரி தளங்களில் உருப்படியானவை மூன்று நட்சத்திர விமர்சனங்கள். ஐந்து போட்டவர் பரவசத்தில் இருப்பார், ஒன்று போட்டவர் கோபத்தில் இருப்பார். மூன்று போட்டவர்தான் உட்கார்ந்து, "முதல் நூறு பக்கம் ஊரை மட்டுமே சொல்கிறார், கதை நகரவில்லை" என்று எழுதுவார். களம் பிடிக்கிற வாசகருக்கு அந்தக் குறை ஒரு சிபாரிசு. ஸ்டோரிகிராஃப் என்ற செயலி மனநிலையையும் வேகத்தையும் வைத்துத் தேட விடுகிறது, அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதிலும் தகவல் தருபவர்கள் வாசகர்கள்தான், ஆள் குறைந்த மொழிக்கு அதே பிரச்சினைதான்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியிடம் கேட்டால்?

கேட்கலாம், சொன்னதைச் சரிபார்க்காமல் வாங்க ஓடக் கூடாது. இல்லாத நாவலை இருப்பதாகச் சொல்லும், இருக்கிற நாவலை வேறொருவர் எழுதியதாகச் சொல்லும், அதுவும் துளிக்கூடத் தயங்காமல். தமிழ் நூல்கள் விஷயத்தில் இந்த ஆபத்து அதிகம். பெயர் கிடைத்ததும் ஒரு நூலகப் பட்டியலிலோ பதிப்பகத்தின் பட்டியலிலோ தேடிப் பாருங்கள்.

அதைவிட நல்ல உபயோகம் ஒன்று இருக்கிறது. பரிந்துரை கேட்காமல், "எனக்குப் பிடித்த நாவல்கள் இவை, பிடித்த இடங்கள் இவை, பாதியில் விட்டவை இவை. இவற்றில் பொதுவாக என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க என்னைக் கேள்வி கேள்" என்று சொல்லுங்கள். கேள்வி கேட்பதில் அது கெட்டிக்கார ஆள். முடிவைச் சொல்லிவிடாதே என்று முதலிலேயே எச்சரித்துவிடுங்கள்.

நண்பர்கள் சொல்வது எனக்கு ஒத்துவருவதே இல்லை. ஏன்?

"நல்ல நாவல் ஒன்று சொல்" என்று கேட்டால் அவர் தனக்குப் பிடித்ததைத்தான் சொல்வார். கேட்கிற விதத்தை மாற்றுங்கள். "அந்த ஊரே கண்ணில் நிற்கிற மாதிரி ஏதாவது படித்தாயா?" என்றோ, "பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு வந்த நாவல் எது?" என்றோ கேட்டால் அவர் தன் ரசனையை விட்டுவிட்டுத் தன் நினைவைத் துழாவுவார். பதிலே வேறாக வரும்.

ரசனை எப்போதும் எதிராகவே இருக்கிற நண்பரை இழந்துவிடாதீர்கள். அவர் "செம போர்" என்று வைத்த புத்தகங்களை வரிசையாக எடுத்துப் படிக்கலாம். தலைகீழாகக் காட்டினாலும் திசைகாட்டி திசைகாட்டிதான்.

எல்லாரும் கொண்டாடும் நாவல் எனக்குப் பிடிக்கவில்லை. என்னிடம் ஏதாவது குறையா?

இல்லை. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். அதில் ஒரு விதி ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்கிறது, அடுத்தது ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்கிறது. எல்லா நூலும் எல்லாருக்கும் என்று அவர் எந்த விதியிலும் சொல்லவில்லை.

எத்தனை பக்கம் வரை பொறுத்துப் பார்ப்பது?

நான்சி பெர்லின் கணக்கு: ஐம்பது வயது வரை ஐம்பது பக்கம். அதற்கு மேல், நூறிலிருந்து உங்கள் வயதைக் கழித்து மீதி வரும் பக்கங்கள். வயது எழுபது என்றால் முப்பது பக்கம் போதும். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' போல ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் நாவலுக்கு இந்தக் கணக்கு ஆகாது, நூறு பக்கமாவது கொடுக்க வேண்டும். வட்டார வழக்கில் எழுதிய நாவலுக்கும் அப்படித்தான். காது பழகவே கொஞ்சம் நேரம் ஆகும், வாய்விட்டுப் படித்தால் சீக்கிரம் பழகும்.

மொழிபெயர்ப்பு நாவல்களில் எப்படித் தேடுவது?

மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். வாசிக்கிற தமிழ் அவருடையது, பல சமயம் தேர்வும் அவருடையதுதான். தகழியின் 'செம்மீன்' நாவலையும் 'தோட்டியின் மகன்' நாவலையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சுந்தர ராமசாமி. ஒன்று பிடித்தால் மற்றதைத் தேட அதுவே போதுமான காரணம்.

இந்திய மொழிகளிலிருந்து வந்தவற்றைப் பலர் எட்டிப் பார்ப்பதே இல்லை. பெரிய இழப்பு. முதியவர்களையும் மரணத்தையும் நிதானமாகச் சொல்லும் கதை வேண்டுமா, வங்கத்திலிருந்து வந்த தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்' இருக்கிறது. நாடி பிடித்தே மரணம் எப்போது வரும் என்று சொல்லிவிடும் ஒரு வயதான வைத்தியர், அவரைச் சுற்றி நுழைந்துகொண்டிருக்கும் புதிய மருத்துவம். த. நா. குமாரசாமியின் மொழிபெயர்ப்பு. தலைமுறைக் கதை பிடிக்கும் என்றால் கன்னடத்திலிருந்து சிவராம காரந்தின் 'மண்ணும் மனிதரும்'.

ஒரு பெரிய நாவலை முடித்த பிறகு எதுவுமே ஒட்டவில்லை.

அதே மாதிரி இன்னொன்றை அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். எடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள், புதுப் புத்தகம் தோற்றுத்தான் போகும். வடிவத்தை மாற்றுங்கள். சிறுகதை, கட்டுரை, பயணநூல், இல்லையென்றால் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' போல ஒரே இரவில் ஓடிவிடும் ஒன்று.

பிடித்த நாவலையே திரும்பப் படிப்பது நேரத்தை வீணாக்குவதா?

அடுத்த புத்தகத்தைத் தேட அதைவிட நல்ல வழி தெரியவில்லை. இளவயதில் நாயகி யமுனாவுக்காக மோகமுள் படித்தவர், பல வருஷம் கழித்துப் படிக்கும்போது ரங்கண்ணாவும் அவருடைய சங்கீதமும் வருகிற பக்கங்களில் நின்று நின்று போவார். அவர் இனிமேல் தேட வேண்டியது காதல் கதைகளை அல்ல.

'படிக்க வேண்டியவை' பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. என்ன செய்ய?

பெயரை மட்டும் எழுதி வைப்பதுதான் பிரச்சினை. ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது அதை ஏன் எழுதினோம் என்றே தெரியாது. யார் சொன்னார், எதற்காகச் சொன்னார் என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "மாமா சொன்னார், சினிமாத் தொழிலின் உள்பக்கம் தெரியும், சின்னப் புத்தகம்" என்பது போல. அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' என்ற பெயர் மட்டும் சொல்லாததை அந்த வரி சொல்லிவிடும். அடுத்து என்ன படிக்கலாம் என்று தோன்றுகிற அன்றைக்கு, அந்த வரிகளை மட்டும் படித்துக்கொண்டே போங்கள், ஏதாவது ஒன்று அன்றைய மனநிலையோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று நான்கு முறை பார்த்தும் தாண்டிப் போகிற பெயரை அடித்துவிடலாம். உங்களுக்கான புத்தகமாக இருந்தால் வேறு யாராவது மறுபடியும் சொல்வார்கள்.